காதுகுத்துக்கு வர மறுத்த நுரையீரல்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் பலமாகச் சிரிப்பீர்கள். என் இடது நுரையீரல் பாதிக்கு மேல் சுருங்கிக் கிடந்த நாட்களில், நான் அதற்கு ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஓமத் தண்ணீரோடு நிறுத்தியிருந்தால்கூட மன்னித்துவிடலாம். இஞ்சிச் சாறு, பெருங்காயம் கலந்த மோர், சுட்ட பூண்டு, சிங்கப்பூர் தேக்கா சந்தைக்குப் பக்கத்துக் கடையில் எலுமிச்சை பிழிந்த சோடா என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. இடது தோளில் ஒரு குத்தல். படியேறினால் மூச்சிரைப்பு. நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் குடும்பத்தில் கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவில் எங்கே வலித்தாலும் அதன் பெயர் வாயுப் பிடிப்பு. அதற்கு ஒரே விடுதலை ஏப்பம். நான் ஏப்பத்துக்காகக் காத்திருந்தேன்.

என் மனைவி ஜெயந்தி தன் பங்குக்கு முதுகில் குத்திவிட்டாள். "இன்னும் கொஞ்சம் மேல, நல்லா பலமா" என்று நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அவ்வளவு மனநிறைவோடு கவனித்துக்கொண்டதில்லை.

இதில் பெரிய வேடிக்கை என் வேலை. துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் நான் பாதுகாப்பு அதிகாரி. தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் தொழிலாளர்களை வரிசையாக நிற்கவைத்து, ஹெல்மெட் போடு, பெல்ட் மாட்டு, நெஞ்சு வலித்தால் மறைக்காதே, உடனே வந்து சொல் என்று கத்துகிறவன். கத்திக்கொண்டிருக்கும்போதே மூச்சு வாங்கியது. மைக்கில்தான் ஏதோ கோளாறு என்று அதை மாற்றச் சொன்னேன்.

அப்புறம் அந்தச் சத்தம். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தால், இதயத் துடிப்போடு சேர்ந்து நெஞ்சுக்குள் 'டக், டக்' என்று ஒரு சொடுக்கு. பயப்பட வேண்டியவன் குஷியாகிவிட்டேன். ஜெயந்தியைக் கூப்பிட்டு நெஞ்சில் காதை வைக்கச் சொன்னேன்.

"கேக்குதா? கடிகாரத்த முழுங்கின மாதிரி இல்ல?"

"கேக்குது. டாக்டர்கிட்ட போங்க."

"டாக்டர் எதுக்கு? வாட்ச் கடைக்குப் போறேன்."

இந்த ஒரு நகைச்சுவைக்காக நான் பின்னால் நிறைய அனுபவித்தேன்.

வருடாந்தரப் பரிசோதனைக்காகக் கம்பெனி எங்களைக் கிளமெண்டியில் ஒரு கிளினிக்குக்கு அனுப்பியது. எக்ஸ்ரே அறைக்கு வெளியே எங்கள் பட்டறை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறவர்களையெல்லாம் கலாய்த்துக்கொண்டிருந்தேன். என் முறை வந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, "போங்கப்பா, உள்ள ஒண்ணும் கடிக்காது" என்று அடுத்த ஆளை அனுப்பினேன். அவர் உள்ளே போவதற்குள் எக்ஸ்ரே எடுத்த பெண் என் பின்னாலேயே ஓடி வந்தார்.

"சார், இங்க எப்படி வந்தீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பஸ்ல."

"பஸ் ஸ்டாப்புலேருந்து நடந்தா?"

தவழ்ந்து வந்தேன் என்று சொல்ல வாய் துடித்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

படத்தைத் திரையில் காட்டினார்கள். வலதுபக்கம் நெஞ்சுக்கூடு முழுக்க மெல்லிய நரம்புகள் வேர் மாதிரி ஓடின. இடதுபக்கம் வெறும் கறுப்பு. இதயத்தை ஒட்டி, கசக்கிப் போட்ட கைக்குட்டை போல ஏதோ ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. அந்தக் கைக்குட்டைதான் என் நுரையீரலாம்.

நியூமோதொராக்ஸ் என்றார்கள் (நுரையீரலிலிருந்து காற்று கசிந்து, நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவில் தேங்கி, நுரையீரலை அமுக்கிச் சுருக்கிவிடுவது). உள்ளே இருக்க வேண்டிய காற்று வெளியே வந்து வீட்டுக்காரனையே நெருக்கிக்கொண்டிருந்தது. அப்படிப் பார்த்தால் நான் சொன்ன வாயுப் பிடிப்பு முழுப் பொய்யும் அல்ல என்று அந்த கிளினிக் மருத்துவரிடம் வாதாடப் பார்த்தேன். ஓமத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாததால் அவர் தப்பித்தார்.

சக்கர நாற்காலி வந்தது. நடந்து வந்தவனுக்கு நடந்து போகத் தெரியாதா என்று முறைத்தேன். உட்காரவைத்துவிட்டார்கள். எங்கள் வெல்டர் முருகேசன் வரிசையிலிருந்து எழுந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"சார், நெஞ்சு வலிச்சா மறைக்காத, ஒடனே வந்து சொல்லுன்னு தெனம் காலையில ஒருத்தர் கத்துவாரே, அவர எங்கயாச்சும் பாத்தீங்களா?"

வரிசை முழுவதும் சிரித்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டேன். தேர்தலில் தோற்ற வேட்பாளர் மாதிரி என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆம்புலன்ஸில் எனக்கு வந்த முதல் நினைப்பு என் நெஞ்சைப் பற்றியதல்ல. யாழினியின் காதைப் பற்றியது.

யாழினி என் தங்கை அமுதாவின் மகள். அவர்கள் பட்டுக்கோட்டையில் இருக்கிறார்கள். குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும். அந்த இடம் பெற்ற அப்பனுக்குக்கூடக் கிடையாது. எங்களுக்கு அப்பாவும் அம்மாவும் இல்லை. அமுதாவுக்கு நான் ஒரே அண்ணன். புகுந்த வீட்டில் நூறு பேர் நிற்கும் ஒரு சபையில், இவளுக்கும் ஆள் இருக்கிறது என்று காட்ட அவளிடம் இருப்பது இந்த ஆறடி உடம்பு ஒன்றுதான்.

காது குத்துவது ஒற்றைப்படை வயதில். யாழினிக்கு மூன்று நடந்துகொண்டிருந்தது. நான்கு பிறப்பதற்கு முன் கிடைத்த கடைசி முகூர்த்தத்தைப் பிடித்து, மண்டபமும் பேசியாகிவிட்டது. அழைப்பிதழில் தாய்மாமன் என்று போட்டு என் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'சிங்கப்பூர்'. அந்த அடைப்புக்குறியைத் தாண்டி நான் பறந்தாக வேண்டும். நல்ல வேளையாக நாள் இன்னும் தள்ளி இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் ஒரு சீன மருத்துவர். என்னைவிட வயதில் சின்னவர். சிரிப்பைச் செலவு செய்யாமல் சேர்த்து வைப்பவர். அக்குளுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, விலா எலும்புகளின் இடுக்கில் ஒரு குழாயை நுழைத்தார் (தேங்கிய காற்றை வெளியே எடுக்கும் குழாய்). வலிக்காது, அழுத்தம் மட்டும் தெரியும் என்று முன்கூட்டியே சொன்னார். உண்மைதான். நெஞ்சில் ஒரு மாடு காலை ஊன்றி நின்றாலும் தெரிவது அழுத்தம்தான்.

குழாயின் மறுமுனை தரையில் இருந்த ஒரு பெட்டிக்குப் போனது. உள்ளே தண்ணீர். நான் இருமும்போதெல்லாம் அதில் குமிழி வந்தது. காற்று வெளியே போகும். திரும்பி உள்ளே வராமல் தண்ணீர் தடுக்கும். சுருங்கிக் கிடந்த நுரையீரல் விரிய ஆரம்பித்ததும் இருமல் பிடுங்கி எடுத்தது. உங்களுக்கும் அப்படி இருமல் வந்தால் பயப்படாதீர்கள். மடித்து வைத்த பழைய பட்டுப் புடவையைப் பிரிப்பது போன்ற வேலை அது. மடிப்பு மடிப்பாகத்தான் விடும்.

"சிகரெட் பிடிப்பீங்களா?" என்று மருத்துவர் கேட்டார்.

"விட்டு ரொம்ப வருஷமாச்சு."

"போன தீபாவளிக்கு விட்டார்" என்று ஜெயந்தி நல்ல ஆங்கிலத்தில் திருத்தினாள்.

சிகரெட்டும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். மற்றபடி, உயரமாகவும் ஒல்லியாகவும் இருக்கும் ஆண்களுக்கு இது திடீரென்று வருவதுண்டு. நுரையீரலின் உச்சியில் பிளெப் இருக்கும் (சிறு காற்றுக் கொப்புளம்). அதில் ஒன்று ஒரு காரணமும் இல்லாமல் உடையும். நான் ஜெயந்தியின் பக்கம் திரும்பினேன்.

"பாத்தியா? இது அழகா இருக்கறவங்களுக்கு வர்ற நோய்."

"ஒசரமா, ஒல்லியான்னுதான் சொன்னாங்க. வேற எதுவும் என் காதுல விழல."

விமானப் பயணத்தைப் பற்றிக் கேட்டதும் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். மேலே போகப் போக விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் அடைபட்ட காற்று விரியும். நெஞ்சுக்கூட்டில் காற்று மிச்சம் இருந்தால் அதுவும் விரிந்து நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கும். ஆளையே கொன்றுவிடலாம். எனக்கு உடனே புரிந்தது. ஊரிலிருந்து வரும்போது பையில் இருக்கும் முறுக்குப் பாக்கெட்டைப் பாதி வானத்தில் எடுத்தால் பலூன் மாதிரி உப்பியிருக்கும்.

"அப்ப நான் ஒரு முறுக்குப் பாக்கெட்."

முறுக்கு என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, "கிட்டத்தட்ட" என்றார்.

நுரையீரல் முழுதாக விரிந்து, அது எக்ஸ்ரேயில் உறுதியாகி, அதற்குப் பிறகும் சில வாரம் பொறுத்து, அவர் சரி என்று சொன்னால் மட்டும் பறக்கலாம். கடலுக்கடியில் மூழ்கும் விளையாட்டெல்லாம் அறவே கூடாது. அதில் எனக்கு நஷ்டம் இல்லை. எனக்கு நீச்சலே தெரியாது.

அந்த வார்டில் நான் நோயாளியாக நடந்துகொள்ள மறுத்தேன். பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு தாழ்வாரம் முழுக்க நடந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓய்வுபெற்ற சீன டாக்சி ஓட்டுநர், "உன் நாயைக் காலாற நடத்திட்டு வந்துட்டியா?" என்று விசாரிப்பார். "இன்னிக்கு இன்னும் குரைக்கல, அங்கிள்" என்று குமிழியைக் காட்டுவேன். இரண்டு பேரும் சிரிப்போம். உடனே இரண்டு பேருக்கும் உயிர் போகும். அவருக்கும் விலாவில் ஏதோ அறுவை செய்திருந்தார்கள்.

சிரிப்பு, இருமல், தும்மல் மூன்றுக்கும் குழாய் உள்ளே குத்தும். நர்ஸ் கோமதி மலேசியாவின் ஜொகூரைச் சேர்ந்தவர். எங்கள் சத்தம் கேட்டு வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"அண்ணே, இது ஆஸ்பத்திரி லா, காமெடி ஷோ இல்ல. வலிக்குதுன்னா எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"மாத்திரைய வேணா நிறுத்திக்கிறேன் சிஸ்டர். இத நிறுத்த முடியாது."

ஒரு தலையணையைக் கொண்டுவந்து என் விலாவில் அழுத்தி வைத்தார். "இப்படிப் புடிச்சிக்கிட்டுச் சிரிங்க" என்றார். இந்தக் கட்டுரையில் உங்களுக்கு உடனடியாகப் பயன்படக்கூடியது இந்த ஒரு வரிதான். தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரியுங்கள், இருமுவதற்கும் அதுதான். நோய் நம்மைப் படுக்கவைக்கலாம். நம் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது அதன் வேலையில்லை.

குமிழி நின்றது. குழாயை எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் இடதுபக்கமும் வேர்கள் ஓடின. வீட்டுக்கு வந்து, மறுபடி எக்ஸ்ரே, மறுபடி காத்திருப்பு. கடைசியில் மருத்துவர் ஒரு மாதிரி இழுத்து, "போகலாம்" என்றார். திரும்ப வர வாய்ப்பு உண்டு, தோள் வலியோ மூச்சிரைப்போ வந்தால் விமானத்தில் ஏறக் கூடாது என்றும் சொன்னார். அதில் "போகலாம்" என்ற சொல் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

சிராங்கூன் சாலையில் நகைக்கடைக்குப் போய்க் குட்டித் தோடு வாங்கினேன். பட்டுப்பாவாடை வாங்கினேன். இங்கிருந்து ஊருக்குப் போகிற தமிழனின் பெட்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பால் மாவு, சாக்லேட், கோடாலித் தைலம், சோப்பு, யாரோ பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தனுப்பும் போர்வை. புறப்படும் நாள் மத்தியானம், ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் பெட்டியை எடை பார்க்க வேண்டியிருந்தது. கைத்தராசில் மாட்டி ஆள்தான் தூக்க வேண்டும். ஜெயந்தி குளித்துக்கொண்டிருந்தாள். கனம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் தூக்கினேன். எடை சரியாக இருந்தது. அந்த வெற்றியோடு போய் சோபாவில் இடதுபக்கமாகச் சாய்ந்தேன்.

டக். டக்.

உடையப் போவது எப்படியும் உடைந்திருக்கும், பெட்டியைத் தூக்கியதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என்று மருத்துவர் பின்னால் சொன்னார். அவர் அதைச் சொன்னது என் மனதுக்காக என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

எழுந்து உட்கார்ந்தேன். சத்தம் நின்றது. தோளில் அதே குத்தல் மெதுவாகத் தலைகாட்டியது. வாசலில் பெட்டி. மேசைமேல் பாஸ்போர்ட். வானத்தில் முறுக்குப் பாக்கெட் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும், சில மணி நேரம்தானே, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே போய்விடலாமா என்று ஒரு கணக்கு மனதுக்குள் ஓடியது. சிரிக்காதீர்கள். தினமும் நூறு பேரிடம் மறைக்காதே என்று கத்துகிறவன்தான் இந்தக் கணக்கைப் போட்டேன். அந்தச் சபையில் அமுதா தனியாக நிற்பதை மட்டும்தான் என்னால் பார்க்க முடிந்தது.

ஜெயந்தி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏன் இப்படி நிமிந்து உக்காந்திருக்கீங்க?"

"சும்மாதான்."

"படுங்க. இடதுபக்கமா."

"ஒண்ணுமில்ல ஜெயந்தி. காலையில சாப்ட தோசை. வாயு."

"எனக்கு ஏற்கெனவே காது குத்தியாச்சு. படுங்க."

படுத்தேன். ஈரத் தலையோடு குனிந்து என் நெஞ்சில் காதை வைத்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மூச்சைப் பிடித்தால் இதயத்தின் சத்தம் நிற்குமா என்ன? கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அவள் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டி என் சட்டை நனைந்தது. பிறகு எழுந்து, வாசலில் இருந்த பெட்டியைப் படுக்கையறைக்கு உருட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்து ஆம்புலன்ஸுக்கு போன் செய்தாள்.

இரண்டாவது முறை சுருங்கினால் குழாயோடு விடமாட்டார்கள். அறுவைச் சிகிச்சை. விலாவில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு, கொப்புளங்களை வெட்டி எடுத்து, புளூரோடெசிஸ் செய்வார்கள் (நெஞ்சுக்கூட்டின் உட்புறத்தைச் சுரண்டிப் புண்ணாக்கி, ஆறும்போது நுரையீரல் அதோடு ஒட்டிக்கொள்ளும்படி செய்வது). ஓடிப் போகிற மாட்டைக் கட்டுத்தறியில் கட்டுகிற மாதிரி.

"ஒட்டிட்டா அப்புறம் பறக்கலாமா?" என்று மருத்துவரிடம் கேட்டேன்.

"பறக்கலாம். ஆனா ஆற வேண்டாமா? பல வாரம் ஆகும்."

"எனக்கு நாலு நாள்தான் இருக்கு."

"உங்க நுரையீரலுக்கு அது தெரியாது" என்றார். அப்போதுதான் முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தார். பரிதாபமாகத்தான்.

அறுவைக்குப் பிறகு கண் விழித்தபோது இரண்டு குழாய், இரண்டு விதமான வலி. ஒன்று வெட்டிய வலி. இன்னொன்று, மூச்சை உள்ளே இழுக்கும்போது முழு இடதுபக்கமும் சுவரோடு இழுபடுகிற வலி. மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, உறிஞ்சிப் பந்துகளை மேலே ஏற்றச் சொன்னார்கள். முதல் நாள் ஒரு பந்து பாதி வழி வந்து, என்னைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கிக்கொண்டது. அதை நான் கெட்ட வார்த்தையில் திட்டினேன். கோமதி சிஸ்டர் காதில் விழாத மாதிரி நடந்துகொண்டார். மறுநாள் அந்தப் பந்து உச்சிக்குப் போனது. திட்டுவது மருத்துவ ரீதியாகப் பலன் தரும் என்று நான் நம்புகிறேன்.

அன்று சாயங்காலம் அமுதாவின் மாமியார் போன் செய்தார். நல்ல மனுஷிதான். ஆனால் மண்டபம் பிடித்தாகிவிட்டது, பந்திக்குச் சொல்லியாகிவிட்டது, சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள்.

"தம்பி, ஒடம்பப் பாத்துக்குங்க, அதுதான் முக்கியம். இங்க நம்ம ரமேஷ் இருக்கானே, ஒங்க சித்தப்பா மவன். அவன் மடியில வச்சிரலாம். அவனும் அண்ணன் மொறதான?"

ரமேஷ் எனக்கும் தம்பிதான். அமுதாவின் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவன், அப்பா இறந்தபோது எட்டிப் பார்க்காதவன். நான் போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டிச் சொன்னேன்.

"அத்தே, ரமேஷ் மடி ரொம்பச் சின்னது. சாப்பாட்டு எலைக்கே எடம் பத்தாது."

"நாலு வயசுல குத்தக் கூடாது தம்பி. ரெட்டைப்படை" என்றார் அவர், நான் ஏதும் பேசாதவன் போல. "அப்புறம் அஞ்சு வரைக்கும் காத்துக் கெடக்கணும். ஊர் என்ன பேசும்?"

வீராப்பாகப் பேசிவிட்டு வைத்தேன். வைத்த பிறகு, தலையணையைக் கட்டிக்கொண்டேன். அது சிரிப்பதற்காக அல்ல.

உடம்பைப் பற்றி இப்போது ஒன்று சொல்கிறேன். இடது மார்புக்குக் கீழே ஒரு கை அகலத்துக்குத் தோல் மரத்துப்போயிருக்கிறது. தொட்டால் யாரோ ஒருவரைத் தொடுவது போல் இருக்கிறது. கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கிறது. முன்பெல்லாம் மூச்சு தானாக வந்து போய்க்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொன்றும் வாசலில் நின்று, பெயர் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறது. வலது நுரையீரல் மேலும் எனக்கு ஒரு கண் உண்டு. அதுவும் அதே வீட்டுப் பிள்ளைதானே.

காலமும் மாறிவிட்டது. வாரம், மாதம் எல்லாம் போய், இந்த எக்ஸ்ரேயிலிருந்து அடுத்த எக்ஸ்ரே வரைக்கும் ஒரு நாள் என்றாகிவிட்டது. எனக்கு அவசரம். முகூர்த்தத்துக்கு அவசரம். உள்ளே ஆறிக்கொண்டிருக்கும் சதைக்கு மட்டும் எந்த அவசரமும் இல்லை. அதை மிரட்ட முடியவில்லை, கெஞ்ச முடியவில்லை, ஜோக் சொன்னால் சிரிக்கவும் இல்லை. இத்தனை நாள் வாழ்க்கையில் நான் சமாளிக்க முடியாத முதல் ஆள் அதுதான்.

ஆனாலும் நான் தோற்றுப்போனதாக ஒப்புக்கொள்ளவில்லை. பெட்டியைப் பிரிக்காதே என்று ஜெயந்தியிடம் சொல்லிவிட்டேன். போர்வைக்காரர் போர்வையைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடலாம். பாவாடையும் தோடும் உள்ளேயே இருக்கட்டும். உள்ளே முழுக்க ஒட்டட்டும், மருத்துவர் தலையாட்டட்டும், இந்த இடது நுரையீரலைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது திருச்சியில் இறங்குவேன். நீங்களும் இரண்டாவது முறையாகப் படுத்துக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் பெட்டியையும் பிரிக்காதீர்கள்.

இப்படியெல்லாம் உங்களிடம் முறுக்கிக்கொண்டு பேசுகிற நான், விசேஷத்துக்கு முதல் நாள் காலையில் என்ன செய்தேன் தெரியுமா? யாருக்கும் தெரியாமல் அமுதாவுக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி எழுதினேன். முதலில் இரண்டு ஜோக் போட்டேன். அழித்தேன். பிறகு நேராக எழுதினேன்.

"அமுதா, என்னால வர முடியல. இன்னும் எத்தன வாரம்னு டாக்டருக்கே தெரியல. எனக்காக நீ அந்த வீட்டுல யார்கிட்டயும் சண்டை போட வேண்டாம். மண்டபம், சாப்பாடு எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டாங்க. ரமேஷ் மடியில வச்சே குத்திடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். அவ அழும்போது கையக் கெட்டியாப் புடிச்சுக்கச் சொல்லு, தலைய ஆட்டிருவா. நாலு வயசு பொறந்துட்டா இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போயிடும், அதுக்குள்ள எனக்கு இன்னொரு பக்கம் என்ன ஆகுமோ. உன்னத் தனியா நிக்க விட்டுட்டேன். மன்னிச்சுக்க."

அனுப்பிவிட்டு, அனுப்பியிருக்க வேண்டாமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். படித்துவிட்டாள் என்று காட்டியது. எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதினாள். மறுபடி நின்றது. வீட்டில் ஆட்கள் வந்திருப்பார்கள். மாமியார் பக்கத்தில் நிற்பார். என்னைப் போலவே மறுபடி வந்து படுத்திருந்த டாக்சி அங்கிள் நாயைப் பற்றி ஏதோ கேட்டார். நான் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

போன் ஒருமுறை அதிர்ந்தது.

"அஞ்சு வயசுலயும் அவளுக்குக் காது இருக்கும்ண்ணே."